மூன்றாம் நம்பர் பெட்டி

சண்டை நாட்களில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் நான் ஒரு இன்டர்நெட் கடை நடத்தினேன். நான்கு கொம்பியூட்டர் பெட்டிகள், ஒரே ஒரு மின்விசிறி. விசிறி முதலாம் நம்பருக்கு மேலே சுழன்றதால் எல்லோரும் அதில்தான் இருக்கப் பார்ப்பார்கள். ஒருநாள் இரண்டு பேர் அதற்காக அடிதடியில் இறங்க, எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இனி ஆளுக்கொரு பெட்டி. உங்கட கடிதம் உங்கட பெட்டிக்குள்ளதான் கிடக்கும்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். கடை அடங்கிவிட்டது. வசதியான பொய் என்பதால் நான் அதைத் திருத்தவே இல்லை.

சம்பூரிலிருந்து லாஞ்சிப் படகில் வரும் ஒரு தங்கச்சிக்கு மூன்றாம் நம்பர். கணவர் கட்டாரில் வேலை, மகள் பிறந்ததை இன்னும் வந்து பார்க்கவில்லை. அவள் கொண்டுவரும் பிள்ளையின் படங்களை நான் ஸ்கேன் செய்து, அவளுடைய இமெயிலில் இருந்து அவருக்கு அனுப்பிக் கொடுப்பேன். மூன்றில் யாராவது இருந்தால், மற்றவை சும்மா கிடந்தாலும் அவள் வாசலில் காத்து நிற்பாள்.

பிறகு சண்டை சம்பூருக்குள் வர, சனம் முழுதும் இடம்பெயர்ந்தது. மாதக்கணக்கில் அவளைக் காணவில்லை. அதற்குள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் மூன்றாம் நம்பர் மண்டையைப் போட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

ஒரு காலை அவள் முகாமிலிருந்து வந்தாள், இடுப்பில் பிள்ளை. வெறும் மேசையைக் கண்டதும் கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

"படம் ஒட்டின அல்பத்தை வீட்டில விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள், அக்கா. வீடு இப்ப இல்லையாம். பிள்ளையின்ர படம் இதுக்குள்ளயாவது இருக்குமெண்டு வந்தனான்."

"அவருக்கு அனுப்பினது இருக்குமே?"

"அவர் வேலை மாறி வேற இடம் போயிட்டார். அவற்ற பெட்டி அங்க பழைய இன்டர்நெட் கடையில நிண்டிட்டுது."

என் பொய் கட்டார்வரை போயிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளை முதலாம் நம்பரில் இருத்தினேன். கடவுச்சொல்லை ஒரு விரலால் தட்டினாள். அனுப்பிய கடிதங்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தால், படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் தலைமயிர், பிறகு நெற்றிப் பொட்டு, பிறகு பொக்கை வாய். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"பெட்டிக்குள்ள ஒண்டும் இல்லை, தங்கச்சி. நான் சொன்னது பொய். எல்லாம் வெளிநாட்டில, சேர்வர் எண்டு பெரிய மெஷின்களில கிடக்கு. எந்தப் பெட்டியிலயும் பாக்கலாம்."

"அப்ப நான் வாசலில காத்து நிண்டது?"

"அது வீண்தான்."

முறைத்தாள். நான் திட்டு வாங்கத் தயாரானேன். ஆனால் அவளுக்கு வேறு யோசனை.

"அங்க கரண்ட் போகாதோ?"

"போனாலும் ஜெனரேட்டர் வச்சிருப்பினம்."

"சண்டை வந்தால்?"

"ஒரே படத்தை ரெண்டு மூண்டு ஊரில வச்சிருப்பினம். ஒண்டு அழிஞ்சாலும் மற்றது இருக்கும்."

பிள்ளை திரையில் இருந்த தன் முகத்தைக் கையால் அடித்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அவையள் கெட்டிக்காரர்தான். நாங்கள்தான் எல்லாத்தையும் ஒரே வீட்டில வச்சிருந்தனாங்கள்."