பால் சேர்க்காத ஹ்வாச்சே

பவளம் அக்கா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ குடிப்பதுகூட நின்றுகொண்டுதான். போன் பேசினால் கிச்சனுக்கும் கராஜுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நாளைக்குச் செய்ய வேண்டியதை நேற்றே செய்திருக்கலாமே என்று இன்றைக்குப் புலம்புகிற பிறவி. காப்பெல் என்கிற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லாத குறையை இவள் தீர்த்து வைத்தாள். நிம்மதியையும் சேர்த்துத் தீர்த்து வைத்தாள்.

சாத்தூரிலிருந்து டெக்ஸாஸுக்கு வரும்போது பெட்டியில் மிளகாய்ப்பொடியோடு சகுனத்தையும் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். கிளம்பும்போது யாராவது தும்மினால் காரைத் திருப்பி வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவாள். ராகு காலத்துக்கு ஊர்க் கணக்கு ஒன்று, இங்கத்திய சூரியனைப் பார்த்து இன்னொன்று. இரண்டையும் அனுசரிப்பதால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளால் ஒரு காரியமும் தொடங்க முடியாது. அவள் கணவர் கருப்பசாமி அண்ணன் இதற்கெல்லாம் வாயே திறக்க மாட்டார். சாவியை எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்.

இந்தச் சகுனத்தால்தான் போன வருஷம் அந்த வீடு இரண்டுபட்டது. அவர்களுக்கு ஒரே பெண், ரோஷினி. ஆஸ்டினில் வேலை. கூட வேலை பார்க்கும் ஜேசன் சோய் என்கிற கொரியப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அக்கா இரண்டு வாரம் அழுதாள், பிறகு சரி என்றாள். பையனின் அப்பாவும் அம்மாவும் பெண் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்த அன்று காலையில், அக்கா ஏற்றிய குத்துவிளக்கு அணைந்துவிட்டது. ஏசி காற்று நேராக அதன்மேல் அடிக்கிறது, அணையாமல் என்ன செய்யும்? ஆனால் அக்கா போனை எடுத்து, தனக்குக் கடும் காய்ச்சல், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்ததும் ரோஷினி மாதக்கணக்கில் அம்மாவோடு பேசவில்லை. கடைசியில் பேசியபோது ஒரே வாக்கியம்தான் பேசினாள்.

“ஒன் மோர் கேன்சல், அம்மா, அண்ட் வீ வில் ஜஸ்ட் கோ டு த கோர்ட்ஹவுஸ்.”

இன்னொரு தடவை ரத்து செய்தால் உங்களைக் கூப்பிடாமலே தாலி கட்டிக்கொள்வேன், அதாவது தாலியே இல்லாமல் கட்டிக்கொள்வேன் என்று அர்த்தம். ரோஷினி சொன்னால் செய்வாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஆக, இந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜேசன் வீட்டார் மறுபடியும் வருவதாக முடிவாயிற்று. அவர்கள் ஊர்ப் பண்டம் ஏதாவது ஒன்று தன் கையால் செய்து வைக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. வீடியோ வீடியோவாகப் பார்த்து, கடைசியில் ஹ்வாச்சே என்று ஒன்றைப் பிடித்தாள். கொரியாவில் வெயில் காலத்துக்குச் செய்கிற பழக்கலவை. தர்பூசணியை உருண்டை உருண்டையாகத் தோண்டி, கூட நாலு பழத்தை நறுக்கிப் போட்டு, பாலும் எலுமிச்சை சோடாவும் ஐஸும் சேர்த்துப் பெரிய கிண்ணத்தில் நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் குடிப்பது.

“அடுப்பே வேணாம் எழில். தப்பு நடக்க சான்ஸே இல்ல” என்றாள் என்னிடம்.

வெளியே நூறு டிகிரியைத் தாண்டிய வெயில். நான் மத்தியானம் போனபோது வேலை முடிந்திருந்தது. அதுதான் கோளாறு. சோடாவைப் பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும் என்று வீடியோவில் அந்தப் பெண் தலைபாடாக அடித்துக்கொள்கிறாள். இவளுக்கு எங்கே பொறுக்கிறது? பழம், பால், சோடா எல்லாவற்றையும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பசாமி அண்ணனை ஐஸ் வாங்க மூன்றாவது முறையாக அனுப்பியிருந்தாள். ரோஷினி மாடியில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

“கேஸ் எல்லாம் போயி சப்புன்னு இருக்கு எழில். இதைப் போயி எப்பிடிக் குடுக்கிறது?”

“அவங்க வந்ததும் இன்னொரு டின் ஊத்திக்கலாம்க்கா. கொஞ்சம் உக்காரு.”

உட்காரவில்லை. நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தர்பூசணி ஜூஸ் என்றால் எலுமிச்சம்பழம் என்று பழகிப்போன கை, ஒரு முழுப் பழத்தை அதில் பிழிந்து கலக்கிவிட்டது. பால் இருப்பது அந்தக் கைக்கு நினைவில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். கிண்ணம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இளஞ்சிவப்பு நீர் தனியே, பால் தனியே.

அக்கா கிச்சன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பால் திரிஞ்சிருச்சு எழில். இன்னைக்குப் போயி திரிஞ்சிருச்சு.”

நல்ல காரியம் பேசுகிற நாளில் பால் திரிந்தால் நம் வீடுகளில் எப்படி முகம் வெளுக்கும் என்று எனக்கும் தெரியும். சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவளுடைய சொந்த அக்காவைப் பரிசம் போட வந்த அன்று காப்பிக்குக் காய்ச்சிய பால் திரிந்ததாம். அந்தக் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த அக்காவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் இவள். இதை அப்போதுதான் சொன்னாள், ஒரே மூச்சில், மூச்சு வாங்க.

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சா எந்தப் பாலும் திரியும்க்கா. இதுல சகுனம் எங்க வந்துச்சு?”

“பிழிய வச்சது யாரு? இத்தன வருசமா சமைக்கிறேன், பாலுல போயி பிழிவேனா நான்?”

அவள் எழுந்து போனை எடுத்தாள். ஜேசனுடைய அம்மாவின் பெயரைத் தேடினாள்.

“அக்கா, போனை வை. வழியில வந்துட்டு இருப்பாங்க. ரோஷினி சொன்னது மறந்து போச்சா?”

“என்கூடப் பேசாமக்கூட இருக்கட்டும். நல்லா இருந்தாப் போதும் எனக்கு.”

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. போனைப் பிடுங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் மாடிப்படியில் கொலுசுச் சத்தம். ரோஷினி பாதிப் படியில் நின்றாள். மாம்பழ நிறப் புடவை, ஊக்கு ஒன்று வாயில். அம்மாவின் கையில் இருந்த போனைப் பார்த்தாள். ஊக்கை எடுத்தாள்.

“ஹூ ஆர் யூ காலிங்?”

அந்தக் குரலில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இது இப்படித்தான் நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்துவைத்திருந்த குரல்.

அக்கா பெண்ணைப் பார்த்தபடியே நின்றாள். புடவை மடிப்பை, அவசரமாக வைத்த பொட்டை, படியின் கைப்பிடியைப் பிடித்திருந்த கையை.

“அப்பாவுக்குத்தான்டி. ஐஸ் பத்தாது, இன்னும் ஒரு பை வாங்கச் சொல்லணும்.”

“அம்மா! ஹவ் மச் ஐஸ் டூ வீ நீட்?” என்று சிரித்துவிட்டு ரோஷினி மேலே போனாள். அந்தச் சிரிப்பு அறைக்கதவு மூடும்வரை கேட்டது.

அக்கா போனை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். கிண்ணத்தைத் தூக்கி சிங்க்கில் சாய்த்தாள். வெள்ளைத் திட்டுகள் குழாய்க்குள் போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு மிச்சமிருந்த பாதித் தர்பூசணியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“தோண்டு. சீக்கிரம்.”

அவள் பேரிக்காய் நறுக்கினாள். தேனைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். மூடி திறக்காத சோடா டின்னைப் பக்கத்தில் வைத்தாள். இந்த முறை தொடவில்லை. காலிங் பெல் அடித்தபோது எங்கள் இரண்டு பேர் கையிலும் சிவப்புச் சாறு வழிந்துகொண்டிருந்தது.

சோய் தம்பதி யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஜேசன் அக்காவின் காலைத் தொடக் குனிந்து, எவ்வளவு தூரம் குனிய வேண்டும் என்று தெரியாமல் பாதியில் நின்றான். அக்கா அவன் தலையில் கை வைத்தாள். திருமதி சோய் ஹ்வாச்சேயைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். ஒரு கிண்ணம் குடித்தார், கேட்டு வாங்கி இன்னொன்றும் குடித்தார். கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று கருப்பசாமி அண்ணனே வாயைத் திறந்து கேட்டார்.

ரோஷினி ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள்.

“அம்மா, வேர் இஸ் த மில்க்? காலையிலேர்ந்து பண்ற, மெயின் ஐட்டத்தையே மறந்துட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

“மறந்துட்டேன்டி. வயசாயிருச்சுல்ல.”

ஐஸ் எடுத்து வருகிறேன் என்று அவள் கிச்சனுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். ஃபிரிட்ஜைத் திறக்காமல், கழுவ ஒன்றுமில்லாத கையைக் குழாயில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“சாமிகிட்ட சொல்லிட்டேன் எழில்” என்றாள் திரும்பாமலே. “வர்றது எதுவா இருந்தாலும் என் தலைக்கு வரட்டும். அவ பக்கம் போக வேணாம்னு.”

ஹாலிலிருந்து ரோஷினி கூப்பிட்டாள், சோய் ஆன்ட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

“இதோ வர்றேன்டி” என்று அக்கா ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.