சூறாவளிச் சுப்பன் கொல்லாமல் விட்ட வாரம்

செய்தியைக் கொண்டுவந்தது வசந்தி. காலையில் வாசலில் நின்று மீன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையோடு வந்து வேலியோரம் நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அத்தை, அப்பா போயிட்டாரு."

மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. "எப்போ வந்தாங்க? எந்த வண்டியில?" என்று கேட்டேன். அவள் புரியாமல் பார்த்தாள். "யாரும் வரல அத்தை. நெஞ்சு வலிக்குதுன்னாரு. அம்மா தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

மனிதர் வியாதியில் இறந்தார் என்று கேட்டு ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. எங்களை அந்தக் காலம் அப்படி ஆக்கி வைத்திருந்தது.

வசந்தியின் அப்பா, ஓவியர் இராஜமாணிக்கம் அவர்களை மலாக்காவில் பெரும்பாலோர் கடைப் பலகை எழுதுகிறவராகத்தான் அறிவார்கள். தெங்கேராவிலும் பண்டார் ஹிலிரிலும் அவர் கைபட்ட பலகைகள் இன்னும் தொங்குகின்றன. அதற்கு முன் அவர் யார், என்ன செய்தார், எதற்காக அதை விட்டார் என்பது சிலருக்கே தெரியும். தெரிந்தவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இருந்தாலும் இதை எழுதும்போது வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காஜா பேராங் சாலையில் இருந்த ஒரு சிறிய அச்சகத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அங்கிருந்து ஒரு தமிழ் வார இதழ் வந்துகொண்டிருந்தது. நான் பிழை திருத்துவேன். அவர் படம் வரைந்து, அச்சுக்கு வேண்டிய கட்டையையும் தாமே செதுக்குவார். சிறு வயதில் தகப்பனாரோடு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். குரலை உயர்த்தாதவர். என்னைத் "தங்கச்சி" என்பார். நான் அவரை மாணிக்கண்ணே என்பேன்.

போர் முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போன படக்கதைப் புத்தகங்கள் பழைய கடைகளில் குவிந்து கிடந்தன. முகமூடி போட்டு, முதுகில் துணி பறக்க, வானத்தில் பாயும் வீரர்கள். மாணிக்கண்ணன் அவற்றை விழுந்து விழுந்து படித்தார். "நம்ம ஊருக்கு ஒருத்தன் வேணாமா?" என்று அவர் உண்டாக்கியவன்தான் சூறாவளிச் சுப்பன். தொந்தி உள்ளவன். கட்டம் போட்ட கைலியைக் கழுத்தில் முடிந்து முதுகில் பறக்க விட்டிருப்பான். ஒரு குவளை கோப்பி-ஓ, அதாவது பால் விடாத கோப்பி, குடித்தால் உடம்பு பம்பரமாகச் சுழலும். சுழன்றபடியே போய்க் கெட்டவனை அடிப்பான்.

அடிப்பது மட்டுமா? கொல்வான். ஒருவன் டுரியான் மரத்தடியில் நசுங்குவான். ஒருவன் சாலை போடும் உருளைக்கு அடியில் அப்பளமாவான். கடைசிக் கட்டத்தில் செத்தவன் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறி. சுப்பன் கையைத் தட்டிவிட்டு, "சட்னி!" என்பான். அந்தச் சொல் ஊரையே பிடித்துக்கொண்டது. பாசார் சந்தையில் இறைச்சி வெட்டுகிறவர் சொன்னார். பந்து விளையாட்டில் தோற்றவனைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அவசரகாலம் வந்ததும் எங்கள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "இனிமே கெட்டவன் எல்லாம் காட்டுக்காரனா இருக்கட்டும். நமக்கும் பாதுகாப்பு" என்றார். மாணிக்கண்ணன் மறுக்கவில்லை. அவர் மனைவி காமாட்சி அண்ணியின் ஒரே தம்பி ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். காட்டிலிருந்து வந்தவர்கள் அவனைக் கணக்கு மேசையிலேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். அந்தக் கோபம் வீட்டில் ஆறாமல் இருந்தது. வாரம் தவறாமல் சுப்பன் காட்டுக்காரர்களை விதவிதமாகச் சட்னியாக்கினான்.

எனக்கு ஒருமுறை கூச்சமாக இருந்தது. "அண்ணே, இத்தனை பேரைக் கொல்றீங்களே" என்றேன்.

"மையும் காகிதமும்தான் தங்கச்சி. இதுல ரத்தம் ஏது? அடுத்த வாரம் அவனையே எழுப்பி, திரும்பச் சாகடிப்பேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை லாரியில் கொண்டுவந்து போலீஸ் நிலையத்துக்கு முன்னால் பலகையில் கிடத்தி வைப்பது அப்போது வழக்கம். பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும். யாராவது அடையாளம் சொல்ல வேண்டும். அடையாளம் சொன்னால் சொன்னவரையும் விசாரிப்பார்கள். ஆகவே ஊர் அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போகும்.

வசந்தி அப்போது கீழ் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் அச்சகத்துக்கு வந்து தகப்பனார் மேசைக்கடியில் உட்கார்ந்து விளையாடுவாள். அன்று மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா! சுப்பன் வந்துட்டுப் போயிருக்காரு! மாத்தா-மாத்தா போலீஸ் நிலையத்துல மூணு சட்னி!"

அவர் கையிலிருந்த செதுக்குளி நின்றது.

"பசங்க எல்லாம் கையைத் தட்டித் தட்டிச் சொன்னாங்கப்பா. ஒருத்தன் குச்சியால குத்தினான். காவல்காரரும் சிரிச்சாரு."

"நீயும் சிரிச்சியாம்மா?"

"எல்லாரும் சிரிச்சாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குழந்தை சொன்னாள்: "ஆனா கண்ணு நீங்க போடற மாதிரி இல்லப்பா. தொறந்தே இருந்திச்சி. ஈ உட்கார்ந்திருந்திச்சி."

மாணிக்கண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நிலையத்துக்கு முன் பிள்ளைகள் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஒரு பையன் துண்டைக் கழுத்தில் கட்டிச் சுழன்று சுழன்று வந்து பலகைக்கு முன் நின்று, "சட்னி!" என்றான். மற்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். கிடந்த மூவரில் ஒருவன் தமிழன். வயது அதிகம் இராது. மேலுதடு லேசாகத் தூக்கி, பல் ஒன்று தெரிந்தது. மாணிக்கண்ணன் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பயம். அவர் சட்டையைப் பிடித்து, "வாங்கண்ணே, யாராச்சும் பார்ப்பாங்க" என்றேன்.

சாலைக்கு எதிர்ப்புறம் அன்னாசிப்பழக் கடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துண்டு. பழத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் அவள் தோள் ஒருமுறை குலுங்கி அடங்கியது. அதை அவரும் பார்த்தார். சிறிது தூரம் வந்ததும் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

அந்த வாரப் படக்கதையில் சுப்பன் வழக்கம்போல் கோப்பி குடித்தான், சுழன்றான், காட்டுக்காரனின் கழுத்தைப் பிடித்துக் கையை ஓங்கினான். கடைசிக் கட்டத்தில் ஓங்கிய கை அப்படியே நின்றது. "அடிக்கலையா?" என்று காட்டுக்காரன் கேட்டான். "உன் பேரு என்ன?" என்றான் சுப்பன். அவ்வளவுதான்.

முதலாளிக்குத் தலை சுற்றியது. "மாணிக்கம், இதுல சிரிப்பு எங்கய்யா?"

"அடுத்த வாரம் பார்க்கலாங்க."

அடுத்த வாரமும் சுப்பன் கொல்லவில்லை.

ஒரு மதியம், அன்னாசிப்பழக் கடையில் நின்ற அந்தப் பெண் அச்சகத்துக்கு வந்தாள். அவள் பெயரையும் தோட்டத்தையும் நான் எழுதப்போவதில்லை. அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். "படம் போடறவரு யாருங்க?" என்று கேட்டு, மாணிக்கண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கிப் போலீஸ் நிலையத்துல என் தம்பியை உத்துப் பார்த்தவரு நீங்கதானா? எங்ககிட்ட அவன் படம் ஒண்ணுகூட இல்லைங்க. பொணத்தைக் கேட்டா எங்களையும் புடிப்பாங்க. அம்மா ஒரு தடவை மொகத்தைப் பார்க்கணும்னு சாப்பிடாம கெடக்கு. உயிரோட இருக்கற மாதிரி வரைஞ்சு தர்றீங்களா?"

அவர் பதில் சொல்லுமுன் அவளே சொன்னாள்: "உங்க சுப்பன் கதையை எங்க தோட்டத்து லயத்துல அவன்தாங்க படிச்சுக் காட்டுவான். காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி. 'சட்னி'ன்னு அவன் இழுத்துச் சொல்றப்ப நாங்க சிரிச்சு மாள முடியாது."

மாணிக்கண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்தார். நான் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். செத்தவன் படம் கையில் இருந்தால் அவளுக்கும் எங்களுக்கும் என்ன ஆகும் என்று அறியாதவர் யாருமில்லை. நாங்களாவது பரவாயில்லை. இந்த மண்ணில் பிறக்காத அவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே அவள் மெல்லச் சொல்வது கேட்டது: "பல்லு தெரியற மாதிரி வேணாங்க... ஆமா, அவன் அப்படித்தான் பார்ப்பான்." படத்தை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனாள். காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று தோட்டத்து வாசலில் ஆளைத் தடவிச் சோதிக்கும் காலம். அவள் தப்பிப் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமல் நாங்கள் தவித்தோம்.

இது காமாட்சி அண்ணிக்குத் தெரிந்தபோது வீடு அதிர்ந்தது. நான் அங்கே இருந்தேன்.

"என் தம்பியைச் சுட்டவனுக்கு மொகம் வரையறீங்களா? உங்க கை எப்படிங்க ஓடுச்சு?"

மறுநாள் அவர் மைத்துனன் முகத்தை வரைந்து அண்ணியின் முன் வைத்தார். அண்ணி அதை வெகுநேரம் பார்த்தார். "புருவத்துல வெட்டு இருக்குமே, மறந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் அதைச் சேர்த்து வரைந்தார். அந்தப் படம் அவர்கள் வீட்டு சாமி அறையில் இருக்கிறது.

பிறகு ஒருநாள் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். நம்மவர்தான். சீருடை இல்லை. நல்ல வெள்ளைச் சட்டை. முதலாளி நாற்காலி போட்டு, கோப்பி வரவழைத்தார்.

"பிள்ளைங்க கேட்கறாங்க சார். உங்க ஆளு இப்பல்லாம் ஏன் கொல்ல மாட்டேங்கறாரு?"

"கை வலிங்க அவருக்கு" என்றார் மாணிக்கண்ணன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் சட்டைப்பையிலிருந்து புகைப்படங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். போலீஸ் நிலையப் பலகையில் கிடந்த அதே மூவர்.

"இந்த மூஞ்சிங்களை அப்படியே வச்சுச் சுப்பன் சட்னி பண்ற மாதிரி ஒரு கதை போடுங்க. நாங்க தனியா அச்சடிச்சுத் தோட்டந்தோட்டமா கொடுக்கறோம். ஜனங்க சிரிக்கணும். சிரிச்சா மரியாதை போயிடும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னால ஆகாதுங்க" என்றார் மாணிக்கண்ணன்.

"ஏன்?"

"நான் இதுவரைக்கும் கொன்னது பேரில்லாத ஆளுங்களை. இவங்களுக்குப் பேரு இருக்கு. என் மச்சானைக் கொன்னவங்க மேல எனக்கும் கோபம் இருக்குங்க. ஆனா செத்துக் கெடக்கறவனை இன்னொரு தடவை சாகடிச்சு, அவன் வீட்டு ஜனங்களையே சிரிக்கச் சொல்றது... அது தமாஷ் இல்லீங்க."

அதிகாரி கோப்பிக் குவளையை மெதுவாக வைத்தார். "பேரு இருக்குங்கறீங்க. இவனுக்கு இன்னும் நாங்க பேரு கண்டுபிடிக்கல." தமிழ்ப் பையனின் படத்தை விரலால் முன்னே தள்ளினார். "என்ன பேரு?"

அந்தப் பெண் தன் தம்பியின் பெயரை எங்களிடம் சொல்லியிருந்தாள். அது எனக்கும் தெரியும். கேள்வி என் பக்கம் திரும்பியிருந்தால் என் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தெரியாதுங்க" என்றார் மாணிக்கண்ணன். "ஆனா இருக்கும்ல? பெத்தவங்க வச்சிருப்பாங்கல்ல?"

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "சும்மா பேசிட்டு அனுப்பிடுவோம்" என்றுதான் சொன்னார்கள். வாரங்கள் ஓடின. நானும் அண்ணியும் சோறு கட்டிக்கொண்டு போவோம். வாயிற்காப்போர் திருப்பி அனுப்புவார்கள். அண்ணி துறைமுகப் பக்கம் கப்பல் ஊதும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவார். வசந்தி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் அவரே நடந்து வந்தார். மெலிந்திருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, "நான் வீரன் இல்ல தங்கச்சி. ராத்திரியெல்லாம் அந்தப் பேரு வாய்க்குள்ளயே நின்னுச்சு. துப்பிடுவேனோ துப்பிடுவேனோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றார். துப்பவில்லை. அந்தத் தோட்டத்துக்கு யாரும் தேடிப் போகவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

அச்சகத்தில் அவருக்கு இடமில்லை. சுப்பன் கதை நின்றது. அவர் பலகை எழுதப் போனார். பண்டார் ஹிலிர் திடலில் ஜனங்கள் சுதந்திர முழக்கமிட்டபோது அவரும் எங்களோடு நின்றார். வெடி வெடித்ததும் வசந்தியை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மீண்டும் கதை வரையச் சொல்லி நண்பர்கள் கேட்டபோது, "சிரிக்க வைக்கறது எனக்கு இன்னமும் ஆசைதான். ஆனா யாரைப் பார்த்துச் சிரிக்கறாங்கன்னு பார்த்துட்டுத்தான் இனிமே வரைவேன்" என்றார். வரையவே இல்லை.

அவர் உடலைக் குளிப்பாட்டும்போது விரல்களில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. தெங்கேராவில் ஒரு மருந்துக்கடைக்கு முந்தின நாள்தான் பலகை எழுதியிருக்கிறார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க ஒருவர் முன்வந்தார். காமாட்சி அண்ணி தடுத்தார். "வேணாங்க. அப்படியே இருக்கட்டும். அது வேலை செஞ்ச கை." வசந்தி அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் பச்சை ஒட்டியது. அவள் துடைக்கவில்லை.

மாணிக்கண்ணே, நீங்கள் பயந்துகொண்டே செய்ததை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். அமைதியாக உறங்குங்கள். இனி எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து யாரும் உங்களிடம் எந்தப் பெயரும் கேட்க மாட்டார்கள்.