இரவல் குரல் வேண்டாம் என்ற அக்கா

அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அவரைத் திரையில் பார்த்தவர்கள். மீதிப் பேர், “உங்க அக்கா சினிமாவுல இருந்தாங்களாமே” என்று என்னிடம் கேட்டவர்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புகழ்ந்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது என்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரணியில், மூன்று தறி ஓடிய வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. நான் அவருக்கு ஏழு வயது இளையவள். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசவே தொண்டையைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் உப்பு கேட்பதும் ஊரைக் கூட்டுவதும் ஒரே சத்தம்தான். அக்காவுக்குப் பதினேழு வயதானபோது, ஒரு படத்தின் கல்யாணக் காட்சிக்குப் பட்டுப்புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். அப்பா சொன்னபடி அக்கா புடவைகளைத் தோளில் போட்டுக் காட்டினார். வந்தவர்கள் புடவையோடு அக்காவையும் கேட்டார்கள். அப்பா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா விடுவதாக இல்லை. அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். உறவில் சிலர் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைப்பதையே நிறுத்தினார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும்.

முதல் நாள் மைக் முன்னால் அக்கா பேசியதும், ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டாராம். காதலனிடம் மெல்லச் சொல்ல வேண்டிய வசனத்தை அக்கா தறிச் சத்தத்துக்கு மேலே பேசுவதுபோல் பேசியிருந்தார். எத்தனை முறை எடுத்தும் சரிவரவில்லை. பின்னணிக் குரல் கொடுக்கும், அக்கா வயதே ஆன வேறொரு அம்மாளை வைத்து அக்காவின் வசனத்தைப் பேச வைத்தார்கள்.

அந்தப் படம் ஆரணிக்கு வந்தபோது அப்பா மனம் இறங்கிப் போய்ப் பார்த்தார். அடுத்த முறை அக்கா ஊருக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மொகம் நம்மளது. பேசறது யாரும்மா?”

ஒரு படத்திலாவது தன் வாயால் பேசியே தீருவது என்று அன்று அக்கா முடிவு செய்தார்.

தறிக்காரர்களுக்கு அமாவாசை விடுமுறை. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் வீடு அமைதியாக இருக்கும். எவ்வளவு வேலை இருந்தாலும் அன்றைக்கு அக்கா வந்துவிடுவார். என்னை எதிரே உட்கார வைத்து மெல்லப் பேசிப் பழகுவார். தீர்ப்புச் சொல்வது என் வேலை. கத்துகிறாய் என்பேன், இல்லாவிட்டால் காதிலேயே விழவில்லை என்பேன். சினிமாக்காரி என்று நான் கொஞ்சமும் தயவு காட்டியதில்லை. அக்கா முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்குவார். இப்படியே வருஷங்கள் போயின.

அதற்குள் பதினோரு படங்கள் அந்த அம்மாளின் குரலில் வந்துவிட்டன. பன்னிரண்டாவது படத்துக்கு, சொந்தக் குரல் என்றால்தான் நடிப்பேன் என்றார் அக்கா. வந்தவர்கள் எழுந்து போனார்கள். இரண்டு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. வந்த வாய்ப்பை உதறியதற்கு அம்மாவே திட்டினார். அக்கா அசையவில்லை. அந்த அம்மாள் தன்னைத் தவறாக நினைக்கக் கூடாது என்று அவர் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. காபி கொடுத்து, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, மூச்சை எங்கே விடுவது என்றெல்லாம் விளக்கினாராம். அன்று தொடங்கிய சிநேகம் கடைசிவரை இருந்தது.

முடிவில் ஒரு சின்னக் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் கதாநாயகி வேடம் இல்லை, கதாநாயகியின் அம்மா வேடம். இருபத்தாறு வயதில் நரைமுடி வைத்துக்கொண்டு, அக்கா தன் குரலில் பேசினார். அப்பா போய்ப் படம் பார்த்தார். மறுநாளும் போய்ப் பார்த்தார்.

அதன் பிறகு பல ஆண்டுகள் அம்மா வேடம்தான். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அவரே நேரில் பதில் சொல்லியிருக்கிறார், நான் மறுபடி எழுத வேண்டியதில்லை.

வயதான பிறகு ஆரணிக்கே திரும்பி வந்து என்னோடு இருந்தவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையோடு பேச்சும் போயிற்று. தினமும் வந்து பயிற்சி கொடுத்த பெண்ணுக்கும், கஞ்சிக்கென்று களம்பூரிலிருந்து அரிசி அனுப்பிய சித்தப்பா மகனுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு ஆட்டோ கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவர் இருக்கிறார். சேதி கேட்டு அந்த அம்மாள் தள்ளாத வயதில் சென்னையிலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கினார். பதினோரு படங்களில் அக்காவின் உதட்டைப் பார்த்தே பேசியவர் அல்லவா? எங்களுக்குப் புரியாத அசைவெல்லாம் அவருக்குப் புரிந்தது. தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திற என்று அக்காவுக்காக அவர் சொல்வார். ஒருநாள் அக்காவின் உதடு விடாமல் அசைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் சிரித்தார், கண் கலங்கிவிட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“‘நீ சும்மா இரு, நானே சொல்லிக்கறேன்’னு சொல்றாங்க.”

கடைசி நாள்வரை அக்கா முயன்றார். சொல் வரவில்லை. அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லாமலேயே போய்விட்டார். பேச்சு வந்திருந்தால், அதைச் சொல்ல வேறு யாரையும் விட்டிருக்க மாட்டார். இந்த ஒரு முறை மட்டும் அக்கா பொறுத்துக்கொள்ளட்டும், அவருக்காக நான் சொல்கிறேன். நன்றி, அம்மா.

— தங்கை