டாக்டரிடம் அவள் கேட்ட கேள்வி

பைபாஸ் முடிந்து மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்துப் பார்த்தபோது, டாக்டரம்மா எதிர்பார்த்த அளவுக்கு என் இதயம் தேறியிருக்கவில்லை. அடைப்பைச் சரிசெய்தாயிற்று. மாரடைப்பில் கெட்டுப்போன தசை அப்படியேதான் கிடந்தது. துடிப்பு திடீரென்று தறிகெட்டு, இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு என்றார். அதற்கு ஒரு கருவி இருக்கிறதாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, ஒரு ஒயரை இதயத்துக்குள் விடுவார்கள். துடிப்பு தறிகெட்டால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும்.

"இத வச்சா மூச்சு வாங்குறது குறையுமா?" என்று கேட்டேன்.

"குறையாது. அதுக்கு மாத்திரைதான். இது காவலுக்கு மட்டும்."

என்ன தொழில் என்று விசாரித்தார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் வெல்டிங் பட்டறை என்றேன். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச், நங்கூரம் என்று முப்பது வருஷமாக அதே வேலை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே வெல்டிங் பண்ண முடியாது. அந்தக் கரண்ட் கருவியக் குழப்பிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பட்டறைக்காகத்தான் தயங்குகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது பாதிதான். என் அப்பா கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். தரையில் விழுமுன் உயிர் போய்விட்டது. கொடுத்து வைத்த சாவு என்று ஊரே சொன்னது. எனக்கும் அப்படி ஒன்று வாய்த்தால் போதும் என்றிருந்தேன். நிம்மதியாகப் போகிறவனை இந்தக் கருவி அடித்து அடித்து எழுப்பிக்கொண்டே இருந்தால்?

அப்பா மாதிரிப் போய்விட்டால் போதும் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். கருவியைப் பற்றிய பயத்தைச் சொல்லவில்லை. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மாமா நிம்மதியாப் போயிட்டாவ. அத்தைக்கு எப்படி இருந்திச்சுன்னு என்னைக்காவது கேட்டியளா?"

நான் கேட்டதில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்காவ. அன்னைக்குக் காலையில ஒரு சட்டைப் பட்டனுக்காகச் சண்ட போட்டிருக்காவ. அதுதான் கடைசிப் பேச்சு. சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாவ."

சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வெளியிலிருந்து "இருக்கியளா?" என்பாள். "இருக்கேன்" என்று நான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததில் முதல் குரல் காதில் விழவில்லை. இரண்டாவது குரல்தான் கேட்டது. அப்படி ஒரு குரலை அவளிடமிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

அந்த வாரமே மச்சானைக் கூட்டிக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனேன். மச்சான் என்னோடு பட்டறையில் வேலை செய்பவன். அவனுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இதே கருவியோடு இருந்தார். உப்பு லாரி ஓட்டியவர். சட்டைப் பட்டனைக் கழற்றி மேட்டைக் காட்டினார்.

"ஒரு தடவ அடிச்சிருக்கு அண்ணாச்சி. நெஞ்சுல கழுத ஒதச்ச மாதிரி. அதுக்கப்புறம் ஒரு மாசம் தெருவுக்கே போகல, பயம். லாரியும் ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப ஏன் வச்சோம்னு தோணலியா?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "தோணிச்சு. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில எம் மவ காப்பி ஆத்திக் குடுத்தா. குடிச்சேன். அது அடிக்கலன்னா குடிச்சிருக்க மாட்டேன்லா."

அடுத்த வாரம் மறுபடி டாக்டரம்மாவைப் பார்த்தோம். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி கேட்டாள்:

"ரொம்ப காலம் கழிச்சு, இனி வைத்தியம் இல்லன்னு இவங்க படுக்கையில கெடந்தா, அப்பவும் இது அடிச்சுக்கிட்டே கெடக்குமாம்மா?"

"இல்லம்மா. அப்ப ஷாக் மட்டும் வேண்டாம்னு நிறுத்திடலாம். மறுபடி தோலத் திறக்க வேண்டியதில்ல, வெளிய இருந்தே செய்யலாம். அதனால உடனே உயிர் போயிடாது. அமைதியா இருப்பாங்க. நீங்க சொன்னாப் போதும்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாய்விட்டுச் சொல்லாத பயத்தை அவள் எப்படியோ எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். வெளியே வந்ததும், "ஏளா, இத எப்ப யோசிச்ச?" என்றேன்.

"முப்பது வருசமா உங்ககூடத்தான இருக்கேன்?"

"சரி. வச்சிருவோம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

கருவி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை அடிக்கவில்லை. பட்டறையில் அளவெடுப்பதும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவதும் நான். மச்சான் வெல்டிங் வைக்கும்போது எழுந்து ரோட்டோரம் போய் நின்றுகொள்வேன். முதல் நாள் அப்படி நின்றபோது, சொந்தப் பட்டறைக்கு வெளியே அந்நியன் மாதிரி நிற்கிறோமே என்றிருந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

கருவி வைத்து ஒன்றரை மாதம் கழித்து, இனி இடது கையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன வாரம், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். பைபாஸ் ஆன நாளிலிருந்து அவள் எனக்கு ஓரடி பின்னால்தான் வருவாள், நான் விழுந்தால் பிடிப்பதற்காக. அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஏதோ பேசிக்கொண்டே போனாள், காற்றில் பாதிதான் கேட்டது. தண்ணீர் காலில் படும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.