கல்லில் முதல் மாணவன் பெயர்

என்னங்க, எல்லாரும் சௌக்கியமா? நான் சொல்லச் சொல்ல என் மகள் டைப் அடிக்கிறாள்.

எங்கள் கோயில் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வருகிறது. முதல் மாணவன் பெயரைக் கல்லில் வெட்டப்போவதாக இன்று பூசை முடிந்ததும் ஃபாதர் சொன்னார்.

"நான்தான் சாமி" என்று எழுந்தேன். பக்கத்து வீட்டு சவரியும் எழுந்தான்.

அப்போது பள்ளிக்கூடம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. திறந்த அன்றைக்கு முதலில் உள்ளே போனவன் நான்தான். மத்தியானம் கோதுமை உப்புமா போட்டார்கள். தின்றுவிட்டு ஜன்னல் வழியாக ஓடினேன். அதற்கப்புறம் அங்கே பூசைக்குத்தான் போனேன்.

சவரி விடவில்லை. "நீ துன்ன வந்தவன்டா. அஞ்சாவது வரைக்கும் குந்திப் படிச்சவன் நானு!"

"நீ மட்டும் இன்னா, உப்புமாவத் தொடாமயா படிச்ச?"

ஃபாதர் சாட்சி கேட்டார்.

"அப்ப இருந்த வாத்தியாருங்கல்லாம் கல்லறைல படுத்துக்கினு இருக்காங்க சாமி" என்றேன்.

கல்லில் பெயர் வரும் அந்த ஒரு வரியை மட்டும் இப்போதைக்குக் காலியாக விடச் சொல்லிவிட்டார்.

முதலில் போனவன் முதல் மாணவனா, கடைசிவரை இருந்தவனா? நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால்...

"யோவ், இன்னும் கதை பேசிக்கினு கீற?" என்று என் மனைவி வாசலிலிருந்து கத்துகிறாள். "அங்க சவரி அண்ணன் கல்லு வெட்றவருக்கு டீ வாங்கிக் குடுத்துக்கினு கீறாரு!"

இருங்க, நான் ஒரு எட்டு