இருக்கக் கூடாத பெயர்

சின்னப்பனை ஏமாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஃபிஜித் தீவில் நாடி டவுனில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் விடமாட்டான். அண்ணன் பொன்சாமியின் வார்த்தையை மட்டும் அவன் சரிபார்த்ததே இல்லை.

இரண்டாயிரத்தில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு இந்தியர்கள் ஊரோடு மூட்டை கட்டினார்கள். நியூசிலாந்து போக சின்னப்பனுக்கும் அனுமதி கையில் இருந்தது. "நீ பூட்டா ட்ராசாவுல இருக்கிற நம்ம கரும்ப நான் ஒத்த ஆளா எப்பிடிடா பாக்கிறது? நான் செத்தாலும் இங்கதான்" என்று அண்ணன் கண் கலங்கினான். தம்பி கரைந்துபோனான். அனுமதி காலாவதியானது. மனைவி பிரேமிலா பெட்டியில் அடுக்கிய துணிகளை அலமாரிக்கு மாற்றினாள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு வேலை வந்தது. லௌடோக்காவில் ஒரு டிராவல் ஏஜென்சிக்குப் பயணிகளைத் தேடும் புரோகிராம் வேண்டும். தங்கள் டேட்டாபேஸையே சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். இதில் 'சாவி' என்கிற கட்டங்களில், தேட வேண்டிய ஆளின் விவரங்களை முதலில் நிரப்ப வேண்டும். பிறகுதான் தேடச் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் பலபேர் இருக்கிற நாடு. அதனால் ஃபிஜியில் எந்தக் காகிதத்திலும் கேட்கிற தகப்பன் பெயரை இரண்டாவது சாவியாக வைத்திருந்தான். அதைக் காலியாக விட்டால் அந்தப் பெயரில் அகப்பட்ட முதல் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

இருக்கிற பெயர்களை ஒழுங்காகக் கண்டுபிடித்தது. இல்லாத பெயருக்கு 'இல்லை' என்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானம் ஏறவே மாட்டான் என்று சத்தியம் பண்ணக்கூடிய ஆளாகப் பார்த்து, பொன்சாமி என்று கொடுத்தான்.

வந்தது. பொன்சாமி, சனிக்கிழமை, நியூசிலாந்தின் ஆக்லாந்து, திரும்பும் டிக்கெட் கிடையாது.

சின்னப்பனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது சாவியை வைக்க மறந்திருந்தான். இது வேறு எந்தப் பொன்சாமியோ. தகப்பன் வீரசாமி என்று சேர்த்துத் தேடினான். அதே ஆள். தன் வேலையில் பிழை இருக்கட்டும் என்று அவன் சாமியை வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான். வரிவரியாகப் பார்த்தும் பிழை இல்லை. முகவரி ட்ராசா. கூடவே அண்ணியும் பிள்ளைகளும்.

போன் போட்டான். "அண்ணே, சனிக்கிழம கரும்பு வெட்ட வரட்டா?"

"சனிக்கிழம வாணாண்டா" என்றான் பொன்சாமி. குரலில் ஒரு பிசிறு இல்லை. "ஞாயித்துக்கிழம வா. பிரேமிலாவையும் இட்டுக்கினு வா. கோழி அறுக்கலாம்."

அந்தக் கோழியைத்தான் சின்னப்பனால் பொறுக்க முடியவில்லை. போகிறவன் போகட்டும், யார்தான் போகவில்லை? பூட்டிய வீட்டு வாசலில் தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் வந்து நிற்கச் சொல்ல எப்படி மனசு வந்தது? "சரிண்ணே" என்று சொல்லி போனை வைத்தான்.

மேலாளர் உர்மிளா எட்டிப் பார்த்தாள். "இல்லாத பேரு போட்டுப் பாத்தியா?"

"இப்ப பாக்கிறேன்."

முதல் சாவியில் தன் பெயரை வைத்தான். தகப்பன் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. தேடச் சொன்னான்.

'இல்லை' என்று வந்தது.

"சரியா வேலை செய்யுது" என்றான்.