மூன்று தண்ணீர்

காலை ஆறேகால். அடுப்பிலிருந்த குண்டாவின் மேல் தட்டு மூடியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். குச்சிக்கிழங்கை, மரவள்ளியை, எங்கள் வீட்டில் மூடி வேகவைப்பதில்லை.

எழுபதுகளின் கடைசி, மழை பொய்த்த இரண்டாவது வருடம். ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். சோளமும் கம்பும் தீர்ந்துவிட்டன. தின்பதற்கென்று போட்டிருந்த கிழங்கும் முடிந்து, காட்டில் நின்றது ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போகும் கசப்பு வகை மட்டும். அதில் விஷம் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முறிக்கும் வழியும் தெரியும். உள்பட்டை வரை உரித்து, சன்னமாக நறுக்கி, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, மூன்று தடவை தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். பிறகு கடுகும் வரமிளகாயும் தாளித்தால் நல்ல கிழங்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்று தண்ணீர் என்றால் ஒரு குடம். அந்த மாதம் ஒரு குடத்துக்கு அம்மா ஒரு மைல் நடந்தார். கிழங்கை ஊறப்போடவில்லை. மூடியது சீக்கிரம் வேகட்டும் என்றுதான்.

நெருப்பு வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மாள் குண்டாவைப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, தண்ணி மாத்துனீங்களா?”

“ஒருக்கா மாத்துனேன். இன்னும் ரெண்டு மாத்தறதுக்கு உங்கூட்டுக் கெணத்துல ஊறுதாக்கும்?”

“எங்கூட்டுக் கெணத்துல ஓணான் முட்டை வெச்சிருக்குதுங்க” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

கசந்ததால் நான் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். நாலு வயதுத் தங்கை முந்தின மதியத்திலிருந்து எதுவும் தின்றிருக்கவில்லை.

“கசக்குதும்மா.”

“வெல்லம் தொட்டுக்க சாமி. கசப்புத் தெரியாது.”

அவள் தட்டு காலியாயிற்று. அம்மா சாப்பிடவில்லை, எங்களுக்கே போதவில்லை.

ஏழரைக்குத் தங்கை வாந்தி எடுத்தாள். எட்டுக்குள் மூன்று முறை. கண் சொருகியது, மூச்சு வேகமாக ஓடியது. எனக்குத் தலை சுற்றியது, அவ்வளவுதான். புளித்தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம், உள்ளே நிற்கவில்லை. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடினார். எட்டே முக்கால் பஸ் ஒன்பது ஐந்துக்கு வந்தது. வழியெல்லாம், யாரிடம் என்றில்லாமல், “இன்னொருக்கா மாத்தியிருக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திருச்செங்கோட்டில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பத்து. அம்மாவின் தோளில் கிடந்தவளை அப்படியே டாக்டர் பார்த்தார். உயிர் போய் அரைமணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்.